பரமக்காவின் சலவை நாள்

கட்டில் விரிப்பின் இரண்டு மூலைகளைத் தான் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் எதிரில் நிற்கிறவரிடம் நீட்டுகிறார் பரமக்கா. “பிடியும். இழுத்துப் பிடியும். தொங்கவிட்டால் நிலத்தில படும்.” எதிரில் நிற்கிறவர் யாராகவும் இருக்கலாம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்த புருஷனாக இருக்கலாம், அழுது மூக்குச் சிவந்த மனைவியாக இருக்கலாம், மறந்துவிட்டுப் போன காலுறையை எடுக்க வந்து அகப்பட்டுக்கொண்ட நானாகவும் இருக்கலாம். விரிப்பைக் கையில் வாங்கிவிட்டால் பிறகு கையை ஆட்டிக் கதைக்க முடியாது. உதற வேண்டும், நீளத்துக்கு மடிக்க வேண்டும், நடந்து வந்து மூலைகளை அவர் கையில் ஒப்படைக்க வேண்டும். பரமக்கா மட்டும் நின்ற இடத்தை விட்டு அசையமாட்டார்.

புருஷன், மனைவி இருவரும் வந்திருந்தால் விரிப்பை அவர்களிடமே கொடுத்துவிட்டு, தான் மெஷினில் சாய்ந்துகொண்டு நிற்பார். இருவரும் நுனிகளைப் பிடித்தபடி விறைத்து நிற்பார்கள். “ஆரில பிழையோ அவர் நடந்து வரட்டும்,” என்பார். யாரும் அசையமாட்டார்கள். விரிப்பு நடுவில் தொய்யத் தொடங்கும். கை உளைகிற நேரத்தில் பெரும்பாலும் இருவருமாகத்தான் நடந்து வருவார்களாம். அதைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அந்த நேரங்களில் சலவை அறைக் கதவைச் சாத்திவிடுவார்.

முழுப்பெயர் பரமேஸ்வரி. சுவிசில், பேர்ண் நகரை ஒட்டிய ஓஸ்டர்முண்டிகனில் எங்கள் கட்டிடத்தின் முதலாம் மாடி. கட்டையான உருவம், கம்பளிச் சட்டைக்கு மேல் எப்போதும் ஒரு ஏப்ரன், கழுத்தில் நாடாவில் தொங்கும் திறப்புக்கோர்வை. பேர்ணில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை. அங்கே பெரிய மெஷின்களுக்கு நடுவில் கத்திக் கத்தியே குரல் உரத்துவிட்டது. ரகசியம் சொல்கிறேன் என்று அவர் காதருகே குனிந்தால் மூன்றாம் மாடிக்கும் கேட்கும். “வேலையிலயும் துணி, வீட்டிலயும் துணி, ஊழியத்திலயும் துணி. கலியாணம் கட்டினதும் துணைக்கு எண்டு நினைச்சன், துணிக்கு எண்டு பிறகுதான் தெரிஞ்சுது,” என்பார் அவருடைய கணவர் தயாநிதி அண்ணை.

இவர்கள் வீட்டு விஷயம் கொஞ்சம் விசித்திரமானது. பரமக்கா சுவிசுக்கு வந்த பிறகு தமிழ்ச் சபை ஒன்றில் சேர்ந்து ஞானஸ்நானம் எடுத்தவர். பெயரை மாற்றச் சொல்லிச் சிலர் கேட்டிருக்கிறார்கள். “அம்மா வைச்ச பேர். அவவையே மாத்தாமல் பேரை மட்டும் மாத்தி என்ன செய்யிறது,” என்று அப்படியே விட்டுவிட்டார். தயாநிதி அண்ணை சேரவில்லை. அவருக்கு முருகன். ஞாயிறு மத்தியானம் மனைவியைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், சபைக்காரர் வாடகைக்கு எடுக்கும் சுவிஸ் தேவாலய மண்டபத்தின் வாசலில் இறக்கிவிடுவார். பிறகு ஆராதனை முடியும்வரை காருக்குள் இருந்து பழைய பாட்டுக் கேட்பார். மழையோ பனியோ, வீட்டுக்குப் போய்விட்டு வரலாமே என்று ஒருநாளும் அவருக்குத் தோன்றியதில்லை. சபையில் சில பேர் கார்க் கண்ணாடியைத் தட்டி உள்ளே வரச் சொல்லிப் பார்த்தார்கள். “நான் இஞ்ச இருக்கிறதும் ஒரு ஆராதனைதான்,” என்று கண்ணாடியை ஏற்றிவிடுவார்.

சபையில் பரமக்காவுக்குக் கொடுக்கப்பட்டிருந்த பொறுப்பு குடும்ப ஊழியம். சண்டை சச்சரவு உள்ள வீடுகளைச் சந்திப்பது, கதைப்பது, ஜெபிப்பது. அதற்கு முன்பு அந்த வேலையைச் செய்தவர்கள் சோபாவில் உட்கார்ந்து வேதாகமத்தை விரித்து ஆலோசனை சொல்வார்களாம். வீட்டுக்காரி பலகாரம் சுடக் குசினிக்குள் போய்விடுவாள். பிள்ளைகள் கதவு நீக்கலால் காது கொடுப்பார்கள். புருஷன் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, வந்தவர்கள் செருப்புப் போட முன்னமே பழையபடி தொடங்கிவிடுவான்.

பரமக்கா சலவை நாளைப் பிடித்தார். இந்த நாட்டு மாடிக் கட்டிடங்களில் வீட்டுக்கு வீடு மெஷின் கிடையாது. நிலத்துக்குக் கீழே, கெல்லரில், எல்லோருக்கும் பொதுவாக ஒரு சலவை அறை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நாள். அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த முறைவரைக்கும் அழுக்கு உடுப்புத்தான். ஒருவர் இரவு வேலை, ஒருவர் காலை வேலை என்று மாடிப்படியில் மட்டும் சந்திக்கும் புருஷன் மனைவிகூட அந்த நாளில் எப்படியாவது வீட்டில் நிற்பார்கள். கீழே பிள்ளைகள் இல்லை, பலகாரம் இல்லை. மெஷின் போடும் சத்தத்தில் கதைப்பது வெளியே போகாது. இதையெல்லாம் விடப் பெரிய வசதி ஒன்றை அவரே எனக்குச் சொன்னார். “தம்பி, மெஷின் முடியுமட்டும் ஒருத்தரும் கோவிச்சுக்கொண்டு போகேலாது. போனால் அடுத்த நாள்காரர் நனைஞ்ச உடுப்பை எடுத்து வெளியில வைச்சிடுவினம். அதுக்குப் பயந்தெண்டாலும் நிப்பினம்.”

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் சுவிஸ் ஜெர்மனில் சண்டை பிடிப்பார்கள். பரமக்காவுக்கு அது பாதிதான் பிடிபடும். “தமிழில பிடியுங்கோ, எனக்கும் விளங்கட்டும்,” என்று நிறுத்துவார். இந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் என்றால் அம்மாவோடு கதைத்த தமிழ்தான். பசிக்குது, வேண்டாம், வாறன், நித்திரை வருது. அந்தத் தமிழை வைத்துக்கொண்டு ஒருவரை எவ்வளவு தூரம் குத்திவிட முடியும்? ஒருத்தி மூச்சுப் பிடித்து யோசித்து, “நீர் ஒரு... ஒரு கூடாத பிள்ளை!” என்று புருஷனைப் பார்த்துக் கத்தியதாகவும், அவன் சிரித்துவிட்டதாகவும் கேள்வி.

இவ்வளவும் எழுதுகிற நான் சபைக்காரன் இல்லை. கோயிலுக்குப் போகிறவன், அதுவும் தேருக்கு மட்டும். அதே கட்டிடத்தில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறேன், மனைவிக்கு வேலை கூட என்பதால் எங்கள் வீட்டு உடுப்பு என் பொறுப்பு. பரமக்காவின் ஊழியத்தைப் பற்றி முதலில் எனக்கு நல்ல அபிப்பிராயம் இருக்கவில்லை. அடுத்தவர் வீட்டில் மூக்கை நுழைக்க ஆட்களுக்கு ஒரு சாட்டு வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். பிறகு நடந்ததைச் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். கிழமையையும் மாற்றியிருக்கிறேன், ஆகவே புதன்கிழமைக்காரர் யார் என்று தேடி யாரும் ஓஸ்டர்முண்டிகனில் அலைய வேண்டாம்.

2014 ஆம் ஆண்டு மாசி மாதம். எங்கள் கட்டிடத்தில் நாலாம் மாடியில் கோபிசன், சரணியா என்று இளம் குடும்பம். இருவரும் இங்கேயே பிறந்தவர்கள், பரமக்காவின் சபைக்குப் போகிறவர்கள். சரணியா பெரியாஸ்பத்திரியில் தாதி, கோபிசனுக்குக் களஞ்சியம் ஒன்றில் வேலை. யாதவி என்று நாலு வயதில் ஒரு மகள். கோபிசனின் தகப்பன் இறந்த பிறகு தாய் தில்லைநாயகி, ரயிலில் ஒன்றரை மணித்தியாலம் தள்ளி, ஊஸ்டரில் தனியாக இருந்தார். தாய்க்குப் பக்கத்தில் வீடு ஒன்று வருகிறது என்று கேள்விப்பட்டதும், மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கோபிசன் அதற்கு ஓம் சொல்லிவிட்டான். சித்திரை முடிவில் குடிபோக வேண்டும். சரணியா தன் வேலையை விட்டு வரமாட்டேன் என்றாள். நீ இருந்துகொள், நான் போகிறேன் என்றான் அவன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் புருஷனும் மனைவியும் பிள்ளை மூலமாகத்தான் கதைத்தார்கள். அம்மாவிடம் சொல்லு, அப்பாவிடம் கேள் என்று நாலு வயதுப் பிள்ளை குசினிக்கும் விறாந்தைக்கும் நடந்துகொண்டிருந்தது.

சரணியா போய்ப் பரமக்காவிடம் சொன்னாள். பரமக்கா கோபிசனைக் கேட்டார். அவன் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தான். “ஒருத்தருக்கும் தெரியக்கூடாது அக்கா. அம்மாவுக்கு முக்கியமாத் தெரியக்கூடாது. தெரிஞ்சால் நான் அடுத்த நாளே போயிடுவன்.”

“என்ர வாயில இருந்து உங்கட பேர் வராது தம்பி,” என்றார் பரமக்கா.

பெயர் வரவில்லை என்பது உண்மை. வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் ஒவ்வொருவராக ஜெபக்குறிப்புச் சொல்வது வழக்கம். சத்திர சிகிச்சை, விசா, பிள்ளையின் சோதனை என்று வந்து பரமக்காவின் முறை வந்தது. அந்த இருவரையும் நினைத்து அவருக்கு நெஞ்சு பாரமாக இருந்திருக்கிறது. பெயரில்லை, ஊரில்லை, எத்தனை பிள்ளை என்றுகூட இல்லை. கவனமாகத்தான் சொன்னார்: “வாற புதன்கிழமை எங்கட கெல்லரில ஒரு குடும்பத்தோட இருப்பன். ரெண்டு பேரும் பிரியாமல் இருக்கவேணும். பாரப்பட்டு ஜெபியுங்கோ.” அதுவும் அந்தக் குரலில்.

எங்கள் கெல்லரில் புதன்கிழமை யாருடையது என்று கட்டிடத்துக்கே தெரியும். வேறு எது மறந்தாலும் இந்த நாட்டில் குடியிருக்கிறவனுக்கு அடுத்த வீட்டின் சலவை நாள் மறக்காது. அதே சபைக்குப் போகிற ஜெயகௌரி, எங்கள் இரண்டாம் மாடிக்காரி, கூட்டம் முடிந்து சப்பாத்துப் போடும்போதே பரமக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாராம். “ஐயோ அக்கா, சரணியாப் பிள்ளையோ? பார்த்தால் தெரியவே இல்லையே!” பரமக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

ஜெயகௌரி கெட்டவர் இல்லை. உதவி என்றால் முதலில் ஓடி வருகிறவர், அவர் செய்யும் ரோல்ஸுக்கு எங்கள் வட்டாரத்தில் தனி மதிப்பு உண்டு. ஆனால் இரக்கம் வந்துவிட்டால் அதைத் தனியாக வைத்திருக்க அவருக்குத் தெரியாது. ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு தேநீர் கொடுக்கும் இடத்தில், வேறொரு பெண் சரணியாவின் முதுகைத் தடவி, “எல்லாம் சரிவரும் பிள்ளை, நாங்கள் ஜெபிக்கிறம்,” என்றாள். கோபிசன் பக்கத்தில்தான் நின்றான். கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அன்று பின்னேரமே பரமக்கா நாலாம் மாடிக்கு ஏறிப் போனார். எங்கள் கட்டிடத்தில் லிப்ட் இல்லை, அவருக்கு முழங்கால் நோ வேறு. கோபிசன் கதவைத் திறந்தான், உள்ளே வரச் சொல்லவில்லை.

“தம்பி, நான் பிழை விட்டிட்டன். பேர் சொல்லேல்லை. ஆனால் நாளைச் சொல்லிப்போட்டன்.”

“ஷோ குட், அக்கா. பரவாயில்லை. இனி எங்கட வீட்டுக்கு வராதேங்கோ.”

கத்தவில்லை, மரியாதையாகத்தான் சொன்னான். கதவையும் மெதுவாகத்தான் சாத்தினான். உள்ளே அவனுடைய பயணப் பை விறாந்தையில் கிடந்ததைப் பரமக்கா கண்டுவிட்டார். சித்திரைவரைக்கும் அவன் காத்திருக்கப் போவதில்லை, புதன்கிழமை வேலை முடிய வந்து பையை எடுத்துக்கொண்டு ஊஸ்டருக்குப் போய்விடுவது என்று முடிவெடுத்திருந்தான். இது எனக்குப் பிறகு சரணியா சொன்னது.

எழும்பி நின்று சபையிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்று பரமக்கா யோசித்திருக்கிறார். கேட்டால், ஜெயகௌரி நினைத்தது சரிதான் என்று மிச்சப் பேருக்கும் அறிவித்தது போலாகிவிடும். பேசாமல் இருந்தால், புதன்கிழமை சரணியா கூடையோடு கீழே இறங்கும்போது யாராவது பாசமாக வந்து நிற்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சரணியாதான் அகப்பட்டுக்கொள்வாள்.

திங்கட்கிழமை எங்கள் ஹவுஸ்வார்ட், கட்டிடத்தைப் பராமரிக்கும் சுவிஸ்காரக் கிழவர், என்னைப் படிக்கட்டில் மறித்தார். அவருக்கு மயக்கம் வராத குறை. “உங்கள் ஊர் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?” என்று ஜெர்மனில் கேட்டார். பரமக்கா தன் சனிக்கிழமையை நாலாம் மாடிக்குக் கொடுத்துவிட்டு அவர்களுடைய புதன்கிழமையை எடுத்துக்கொள்கிறாராம்.

சனிக்கிழமை என்றால் என்ன என்பதை இந்த நாட்டில் வேலை செய்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை மெஷின் போட விடமாட்டார்கள் என்பதால், வேலைக்கு லீவு கேட்கத் தேவையில்லாத ஒரே சலவை நாள். ஒரு சனிக்கிழமைக்காரர் இறந்தால் அல்லது வீடு மாறினால்தான் அடுத்தவருக்குக் கிடைக்கும். பரமக்கா பல வருடம் காத்திருந்து, மேல்மாடியில் இருந்த இத்தாலியக் குடும்பம் நாடு திரும்பிய பிறகு, அந்தச் சனிக்கிழமையைப் பெற்றவர். நான் அதற்கு இரண்டாவது ஆளாகக் காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அது எனக்குக் கிடைக்காமல் நாலாம் மாடிக்குப் போனதில் எனக்கு ஒரு மனவருத்தம் இருந்தது.

புதன்கிழமை பின்னேரம் என் உடுப்புக் கூடையை எடுக்கக் கெல்லருக்கு இறங்கினேன். பரமக்காவும் தயாநிதி அண்ணையும் ஒரு பெரிய விரிப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அண்ணையை அந்த அறையில் நான் அதற்கு முன்பு கண்டதில்லை. மாடிப்படியில் ரோல்ஸ் வாசம் முதலில் வந்தது, பின்னால் ஜெயகௌரி வந்தார். கையில் மூடிய பாத்திரம்.

“அக்கா! நீங்களோ? சரணியா எங்க?”

“அவவின்ர நாள் இப்ப சனிக்கிழமை. புதன் எங்கட.”

“எப்ப மாத்தினீங்கள்?”

பரமக்கா பொய் சொல்லமாட்டார். சின்னப் பொய்கூட வராது. வேலை இடத்தில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு நிற்கத் தெரியாமல், கலியாண வீடுகளைத் தவறவிட்டவர். மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. ஜெயகௌரி விடை வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

“அது கனநாளாச்சுத் தங்கச்சி,” என்றார் தயாநிதி அண்ணை.

“அப்ப... வெள்ளிக்கிழமை அக்கா சொன்ன குடும்பம்...”

“நாங்கள்தான். வேற ஆர்? இவ சபை, நான் கோயில். எத்தனை வருஷம் இழுபடுறது? பிரிஞ்சு போவம் எண்டு கதைச்சிட்டம்.” அவர் விரிப்பை விடவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நீங்கள் எல்லாரும் எனக்காகக் கொஞ்சம் ஜெபியுங்கோ.”

கார்க் கண்ணாடியை ஏற்றிவிடுகிற மனிதர்! பரமக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தில் இருந்தது அதிர்ச்சியா நன்றியா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கண் மட்டும் நிறைந்துவிட்டது. ஜெயகௌரிக்கு அது வேறு விதமாக விளங்கியது. பாத்திரத்தை மெஷினின் மேல் வைத்துவிட்டு அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதார். நான் என் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டேன்.

பிறகொரு நாள் கார்த் தரிப்பிடத்தில் தயாநிதி அண்ணையிடம் கேட்டேன், இருவரும் பேசி வைத்துக்கொண்டா செய்தீர்கள் என்று. “சீச்சீ. சலவை நாளை மாத்தினது அவவின்ர யோசனை. சரணியாப் பிள்ளை அண்டைக்குக் கெல்லரில ஆக்களிட்ட அகப்படக்கூடாது எண்டு மட்டும்தான் அவ நினைச்சவ. அவவுக்குப் பொய் வராது. அதுக்குத்தானே நான்,” என்று சொல்லிவிட்டு ரேடியோவைப் போட்டார்.

பொய்க்குரிய விலை உடனேயே வந்தது. போதகர் மகேஸ்வரன் நல்ல மனிதர், கூப்பிட்டுத் தன்மையாகத்தான் சொல்லியிருக்கிறார்: “அக்கா, முதல்ல உங்கட வீட்டைப் பாருங்கோ. ஊழியம் எங்கயும் ஓடாது.” பரமக்கா ஓம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். குடும்ப ஊழியம் ஜெயகௌரியிடமும் அவருடைய கணவரிடமும் போனது. எனக்குக் கோபம் வந்தது. ஊரில் உள்ள விரிப்பெல்லாம் மடித்துக் கொடுத்த மனுஷிக்கு வீடு சரியில்லை என்று தீர்ப்பு! போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டேன். “ஆருக்குத் தம்பி? சொன்னால் பேந்து ஆரின்ர பேர் வெளியில வரும்?” என்று திருப்பிக் கேட்டார். ஊழியம் போனது அவருக்கு வலிக்கவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த மாதங்களில் அவர் குரல் எனக்கு இரண்டாம் மாடிக்கு மேல் கேட்டதில்லை.

தயாநிதி அண்ணையின் இரட்சிப்புக்காக ஆட்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். அண்ணை தானே தேநீர் போட்டுக் கொடுத்து, கையைக் கட்டிக்கொண்டு, அவர்கள் ஜெபிக்கும்போது தலையைக் குனிந்தபடி இருந்தார். மனம் மாறியதாகத் தெரியவில்லை. ரோல்ஸ் சாப்பிட்டு வயிறு மட்டும் கொஞ்சம் வைத்தது.

நாலாம் மாடியில் என்ன நடந்தது என்று சரணியா சொன்னதைச் சொல்கிறேன். புதன்கிழமை கோபிசன் பையை எடுக்க வீட்டுக்கு வந்திருக்கிறான். படியில் ஜெயகௌரி, அழுத முகத்தோடு அவனை மறித்து, “எக்ஸ்கியூசி தம்பி, உங்களைப் பற்றி நாங்கள் பிழையா நினைச்சிட்டம். அது பரமக்கா வீடு,” என்று சொல்லியிருக்கிறார். அவன் மேலே போய்ப் பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டானாம். எவ்வளவோ நாளுக்குப் பிறகு பிள்ளையிடம் சொல்லிவிடாமல் நேரடியாக மனைவியிடம் கேட்டான்: “உமக்கு இது தெரியுமோ?” அவளுக்கும் தெரியாது. சனிக்கிழமை உங்களுடையது என்று ஹவுஸ்வார்ட் சொன்னபோது, ஏதோ பிழை நடந்திருக்கிறது என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

“முதல்ல நாங்கள் அக்காவைப் பற்றித்தான் கதைச்சம்,” என்றாள் சரணியா. “அவ ஏன் இப்பிடிச் செய்தவ எண்டு. கதைச்சுக் கதைச்சு, பேந்து மற்றதையும் கதைச்சிட்டம்.”

முதல் சனிக்கிழமை இருவருமாகக் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அன்றைக்கே எல்லாம் சரியாகிவிடவில்லை. ஊஸ்டர் வீட்டை விட்டுவிட அவனுக்குப் பங்குனி முழுவதும் தேவைப்பட்டது. தாயைத் தனியே விட முடியாது என்று அவன் அழுததையும், அது நியாயம்தான் என்று தான் ஒப்புக்கொண்டதையும் சரணியா மறைக்காமல் சொன்னாள். கடைசியில் அந்த வீடு வேறு யாருக்கோ போனது. தில்லைநாயகி மாமி மாதத்தில் ஒரு வாரம் ஓஸ்டர்முண்டிகனில் வந்து நிற்கிறார், மற்ற வாரங்களில் கோபிசன் பிள்ளையோடு ஊஸ்டருக்குப் போய்வருகிறான். மாமிக்கும் மருமகளுக்கும் மரக்கறி வெட்டுவதில் அபிப்பிராய பேதம் உண்டு. அது எல்லா வீட்டிலும் உள்ளது.

கோடை வந்தது. சபையில் வருடத்துக்கு ஒரு முறை குடும்ப ஞாயிறு வைப்பார்கள். தம்பதிகள் மேடைக்கு வந்து சாட்சி சொல்வார்கள். அதற்கு முந்திய புதன்கிழமை நான் கெல்லரில் நின்றேன், என் சைக்கிளுக்குக் காற்று அடிக்க. சலவை அறைக் கதவு திறந்திருந்தது. பரமக்காவும் அண்ணையும் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பழக்கம் அவர்களுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது, புதன் பின்னேரத்தில் அண்ணை இப்போது வேறெங்கும் போவதில்லை.

கோபிசன் இறங்கி வந்தான். வேலைச் சட்டையோடு வாசலில் நின்றான். அன்று கதவைச் சாத்திய பிறகு அவனும் பரமக்காவும் முகத்துக்கு முகம் கதைத்ததில்லை என்பது எனக்குத் தெரியும். படியில் கண்டால் அவன்தான் தலையைக் குனிந்துகொண்டு போவான்.

“அக்கா, நான் ஞாயிற்றுக்கிழமை எழும்பிச் சொல்லப்போறன். எல்லாத்தையும். அது உங்கட வீடு இல்லை, எங்கட வீடு எண்டு. சரணியாவும் ஓம் எண்டிட்டா.” தமிழ் போதாமல் கையை விரித்தான். “நீங்கள் எங்களுக்காக... இது சரியில்லை அக்கா. உங்கட ஊழியம் போயிட்டுது. நான் உங்களை வீட்டுக்குள்ளயும் விடேல்லை.”

பரமக்கா கணவரைப் பார்த்தார். அண்ணை தன் கையிலிருந்த இரண்டு மூலைகளையும் கோபிசனிடம் கொடுத்துவிட்டு, வெளியே வந்து என் பக்கத்தில் நின்று, சைக்கிள் சில்லை அமர்த்திப் பார்ப்பது போலப் பாவனை செய்தார்.

“பிடியும் தம்பி,” என்றார் பரமக்கா. “இழுத்துப் பிடியும்.”

அவன் பிடித்தான். உதறினார்கள். நீளத்துக்கு மடித்தார்கள். இனி அவன் நடந்து போக வேண்டும். அவனுக்கும் அது தெரியும், ஒரு காலைத் தூக்கிவிட்டான்.

“நில்லும்,” என்றார் பரமக்கா. முழங்கால் நோவோடு மெதுவாக, அந்த அறையின் மற்ற முனைவரை தானே நடந்து போய், தன்னுடைய மூலைகளை அவன் கையில் வைத்தார்.